கனடாவுக்குப் போற ஊசி

மாக்கிரட்டுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் சமையலறைப் பிரெஞ்சு. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைப்பது அவள் வேலை. கரட், நிலக்கடலை ஒவ்வாமை, காய்ச்சல், வயிற்றோட்டம், இன்னும் கொஞ்சம் வேணுமா, வாயைத் துடை. இவையெல்லாம் கியூபெக்கில் பிறந்தவள் சொல்வதுபோலவே அவள் வாயிலிருந்து வரும். அதற்கு அப்பால் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. வீட்டுக்கு வரும் கடிதம், வங்கி, வைத்தியர் எல்லாவற்றையும் முன்பு கணவர் றெனோல்ட் பார்த்துக்கொண்டார். அவர் போனபிறகு மகள் ஷெரோன் பார்த்துக்கொள்கிறாள்.

றெனோல்ட் ஒரு மாசி மாதக் காலையில் காரை மூடிக் கிடந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்தார். மன்னார், பேசாலையைச் சேர்ந்தவர். மடு மாதா திருநாள் வந்தால் மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கர் யாத்திரை போக பஸ் ஒழுங்கு செய்வது அவர்தான். அவருடைய படம் இன்றைக்கும் பங்கு மண்டபத்தில் தொங்குகிறது. அவரைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. மாக்கிரட்டும் சொன்னதில்லை. அவளிடம் ஒருவரும் கேட்டதுமில்லை.

அவர் இறந்து ஐந்தாம் வருடத்தில் பேனாட் வந்தார். குருநகர் ஆள். பள்ளிக்கூடமொன்றில் கட்டடப் பராமரிப்பு வேலை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்ப் பல காலம். தமிழ்த் திருப்பலியின் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று, மற்றவர்கள் பாட்டை முடித்தபிறகு தானும் முடிப்பார். ஜான்-டலோன் சந்தையில் எந்தக் கடையில் எந்த நாளில் மீன் இறங்கும் என்பது தனக்குத் தெரியும் என்று சொல்லி, சனிக்கிழமைகளில் மாக்கிரட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச மாதம் மீன் மட்டும் வந்தது. பிறகு மீனைக் கொடுத்தபின்பும் பேனாட் போகாமல் இருக்கத் தொடங்கினார். ஷெரோன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் சிநேகிதிகளோடு அறையெடுத்துப் போயிருந்த காலம் அது. நடப்பது நடந்தது. இருவருக்கும் அதில் மனக்குறை இல்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை பேனாட் வெறுங்கையோடு வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

"மாக்கிரட், உம்மோட ஒரு விசயம் கதைக்க வேணும்."

"மீன் இல்லையோ?"

"இல்லை. டொக்டர் எனக்கு ஒரு சோதினை செய்தவர். கிளமிடியா எண்டு வந்திருக்கு."

மாக்கிரட் யோசித்துப் பார்த்தாள். அந்தச் சொல் ஒரு பூக்கன்றின் பெயர்போல இருந்தது.

"அது என்ன, கொலஸ்ரரோல் மாதிரியோ?"

"இல்லை." பேனாட் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார். "அது ஆளிட்டயிருந்து ஆளுக்கு வாறது."

"இருமினாலோ?"

"இருமினால் இல்லை."

மாக்கிரட்டுக்கு விளங்கியது. அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எதிரே இருந்தாள். பேனாட் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு முன்பு லவாலில் ஒரு பெண்ணோடு கொஞ்சக் காலம் பழக்கம் இருந்தது. இந்த நோய் உடம்பில் ஒரு குறியும் காட்டாமல் இருக்குமாம். தனக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வருடாந்தப் பரிசோதனையில் டொக்டர் புதிதாக யாராவது உண்டா என்று கேட்டார், தான் ஓம் என்று உண்மையைச் சொன்னதால் வந்த வினை இது.

"உமக்கும் சோதிக்க வேணுமாம். ஆருக்குச் சொல்ல வேணும் எண்டு கேட்டவை. நானே சொல்லுறன் எண்டு சொன்னனான்."

"அந்தப் பொம்பிளையின்ர பேர்?"

"அது ஏன் உமக்கு?"

"ஓம், வேண்டாம்," என்றாள் மாக்கிரட்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை முன்னால் நின்றது. எந்தக் கிளினிக்கில் தமிழர் இருக்கமாட்டார்கள்? இரண்டு நாள் யோசித்து, நகரத்தின் கிழக்குக் கோடியில் ஒரு பொதுக் கிளினிக்கைத் தெரிவுசெய்தாள். மெட்ரோ மாறி, பஸ் எடுத்து, வெயில் எறிக்கும் நாளில் கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு போனாள். அந்தப் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சால்வை கட்டிய ஆளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

நேர்ஸின் பெயர் சில்வி. ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து மெதுவாகப் பேசினாள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று கேட்டாள். மாக்கிரட் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். தமிழ் மொழிபெயர்ப்பு என்றால் அநேகமாகச் சிவமலரின் குரல்தான் வரும். மொன்றியலில் சிவமலருக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை.

"வாழ்க்கையில் எத்தனை பேரோடு உறவு இருந்திருக்கிறது?" என்று சில்வி கேட்டாள்.

"இரண்டு."

"இந்த வருடத்தில் மட்டுமா?"

"வாழ்க்கையில். ஒருவர் இறந்துவிட்டார்."

சில்வி அதை எழுதிக்கொண்டாள். இரத்தம் எடுத்தாள். பஞ்சு சுற்றிய குச்சியொன்றைக் கொடுத்துக் கழிவறைக்கு அனுப்பினாள். கிருமி உடம்புக்குள் வந்த உடனே இரத்தத்தில் தெரியாது, அதனால் இப்போது என்ன வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை இரத்தம் பார்க்கவேண்டும் என்று விளக்கினாள். மாக்கிரட் தலையாட்டினாள். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அவள் ஒரேமாதிரித்தான் தலையாட்டுவாள்.

நேர்ஸ் அழைப்பதற்கு முன்பே முடிவுகள் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டன. அடுப்பில் பிள்ளைகளின் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருக்க, மாக்கிரட் சாமான் அறைக்குள் நின்று திறந்து பார்த்தாள். கிளமிடியா: பொசிட்டிஃப். கொணோரியா: நெகட்டிஃப். எச்.ஐ.வி.: வினையற்றது. சிபிலிஸ்: பொசிட்டிஃப்.

கார்டெரியில் பொசிட்டிஃப் என்பது நல்ல சொல். கடிக்காமல் விளையாடிய பிள்ளையின் பெற்றோருக்கு அப்படி எழுதி அனுப்புவார்கள். ஆகவே இரண்டு பாடத்தில் சித்தி, இரண்டில் சித்தியில்லை என்பதுமட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. எந்த இரண்டு என்பதுதான் தெரியவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். எச்.ஐ.வி. இல்லை என்று விளங்கியதும் சிலுவை போட்டாள். சிபிலிஸ் என்பதைத் தட்டியபோது வந்த படங்களைப் பார்த்து உடனே மூடினாள். அன்றைக்கு சூப் அடிப்பிடித்தது. பிள்ளைகள் வித்தியாசம் காணவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்து பேனாட்டுக்கு அடித்தாள்.

"ஒண்டு எண்டு சொன்னனீங்கள். எனக்கு ரெண்டு வந்திருக்கு."

"என்ன ரெண்டு?"

"சிபிலிஸ்."

"எனக்கு அதையும் பாத்தவை, மாக்கிரட். எனக்கு அது இல்லை."

"அப்ப எனக்கு ஆகாயத்தால வந்ததோ?"

"எனக்குத் தெரியாது. எனக்கு இல்லை எண்டது மட்டும் தெரியும்."

"பொய் சொல்லாதேங்கோ."

"பொய் சொல்லுற ஆள் எண்டால் நான் முதலாவதையே சொல்லியிருக்கமாட்டன்," என்றார் பேனாட்.

அது நியாயமான பதில். அதனாலேயே மாக்கிரட்டுக்குக் கூடுதலாக எரிந்தது. தொடர்பைத் துண்டித்தாள். அடுத்த ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவின் பக்கம் பார்க்காமல் நின்றாள். பேனாட் வழமைபோலக் கடைசியாகப் பாடி முடித்தார்.

அந்தக் கிழமையே சில்வி கூப்பிட்டாள். இந்த முறை மாக்கிரட் சால்வை இல்லாமல் போனாள். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்ற நிலைக்கு வந்திருந்தாள்.

சில்வி ஒவ்வொன்றாக எடுத்தாள். கிளமிடியா பெரிய விசயமில்லை. ஒரு கிழமை குளிசை, நிறையத் தண்ணீரோடு. இருவரும் போட்டு முடிக்கும்வரை உறவு வேண்டாம்.

"அதுக்கு இடமில்லை," என்றாள் மாக்கிரட்.

எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது நல்லது. ஆனால் அந்தப் பதில் சில கிழமைகளுக்கு முந்தைய உடம்புக்கானது. நேற்றைய உடம்புக்கான பதில் மூன்று மாதத்தில்தான் வரும். மாக்கிரட் தான் போட்ட சிலுவையை நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறாள்.

"சிபிலிஸுக்கு இரத்தத்திடம் இரண்டு கேள்வி கேட்கிறோம்," என்றாள் சில்வி. "முதல் கேள்வி, இந்தக் கிருமி எப்போதாவது இந்த உடம்புக்குள் வந்ததா? ஒருதடவை வந்திருந்தால், மாறிப்போனாலும், அநேகமாகச் சாகும்வரைக்கும் இரத்தம் ஓம் என்றுதான் சொல்லும். இரண்டாவது கேள்வி, கிருமி இப்போது வேலை செய்கிறதா? உங்கள் இரத்தம் அதற்கு இல்லை என்கிறது. இன்னொரு முறையிலும் பார்த்தோம். வந்தது உண்மை. பழையதுபோலத்தான் தெரிகிறது. முன்பு எப்போதாவது இதற்கு மருந்து எடுத்தீர்களா?"

"இல்லை."

"பெனிசிலின் ஊசி? இடுப்புக்குக் கீழே, கிழமைக்கு ஒன்று, சில கிழமை?"

இல்லை என்று சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது.

இரண்டாயிரத்து மூன்று. சமாதான காலம். றெனோல்ட் மொன்றியலிலிருந்து ஒரு மாத லீவில் வந்து பேசாலைக் கோவிலில் அவளைக் கட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். கனடா ஸ்பொன்சர் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்காக அவள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினாள். துணைக்கு றெனோல்டின் தமையன் யோசெப் இருந்தார். பரிசோதனை முடிந்து சில நாளில் மறுபடி வரச்சொன்னார்கள். டொக்டர் யோசெப்பை உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார். அதன்பிறகு மூன்று கிழமை, கிழமைக்கு இரண்டு ஊசி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. ஓட்டோவில் இருக்கமுடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைவாசி நின்றபடி வந்திருக்கிறாள். இது என்ன ஊசி என்று கேட்டதற்கு, "கனடாவுக்குப் போற ஊசி. குளிருக்கு," என்றார் யோசெப். றெனோல்டும் தொலைபேசியில், "ஓம், எல்லாருக்கும் போடுறதுதான்," என்றார்.

மாக்கிரட் இருபது வருடத்துக்கு மேலாக அதை நம்பியிருந்தாள். மொன்றியலுக்கு வந்த புதிதில் மற்றப் பெண்களிடம் குளிருக்கு ஊசி போட்டார்களா என்று விசாரித்தும் இருக்கிறாள். ஒருவருக்கும் போடவில்லை. ஒவ்வொரு மாரியிலும் அவர்கள் தடிமனும் இருமலுமாகத் திரியும்போது, பாவம், ஊசி போடாமல் வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சில்விக்குச் சொன்னாள். சில்வி சிரிக்கவில்லை.

"குளிருக்கு ஊசி கிடையாது, மடாம்," என்றாள்.

"என்ர பிள்ளை?" என்று மாக்கிரட் தமிழில் கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள்.

"மகள் எங்கே பிறந்தாள்?"

"இங்கே. அடுத்த வருடம்."

"அப்படியென்றால் அது உங்களுக்கு மருந்து போட்டபிறகு. இங்கே கர்ப்ப காலத்திலும் இரத்தம் பார்த்திருப்பார்கள். அந்த மருத்துவமனையில் கேட்டுச் சொல்கிறேன். கொழும்பில் போட்டது என்ன மருந்து என்று உறுதிப்படுத்தினால் இன்னொரு தடவை ஊசி தேவைப்படாது. இல்லாவிட்டால் அதே மூன்று கிழமை."

மாக்கிரட் பஸ் தரிப்பில் இருந்தாள். தன் பஸ் வந்து போக விட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கலியாணத்துக்கு முன்பு அவளுக்கு ஒருவருமில்லை. அப்படியானால் அது வந்த வழி ஒன்றுதான். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரே வீட்டில் பல ஆண்களோடு தனிமையில் வாடியதாக றெனோல்ட் சொல்லும் கதைகளை அவள் நினைத்துப் பார்த்தாள். முழுக்கத் தனிமையில் வாடவில்லை என்று இப்போது தெரிந்தது.

யோசெப் பின்னாளில் குடும்பத்தோடு கனடா வந்து புரோசார்ட்டில் வீடு வாங்கியிருந்தார். ஞாயிறு மத்தியானம் மாக்கிரட் அங்கே போனாள். மனைவி றோசா குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். யோசெப் வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், கொழும்பில எனக்குப் போட்ட ஊசியின்ர பேர் என்ன?"

யோசெப் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "எந்த ஊசி, பிள்ளை?"

"குளிருக்குப் போட்ட ஊசி."

யோசெப் அவள் முகத்தைப் பார்த்தார். சத்தத்தை முழுவதும் நிறுத்தினார். "பென்சாதீன் பெனிசிலின்," என்றார். "நான்தான் பாமசியில வாங்கிக்கொண்டு வந்து குடுத்தனான்."

"என்னத்துக்கு எண்டும் தெரியுமோ?"

"டொக்டர் சொன்னவர். அவனுக்கும் ஊசி போடச் சொன்னவர். அவன் இஞ்ச போட்டவன். போட்டது எனக்கு வடிவாத் தெரியும்." தம்பிக்காகச் சொல்லக்கூடிய நல்லது அது ஒன்றுதான் என்பதுபோல அதை அழுத்திச் சொன்னார்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. டொக்டருக்கு. அவனுக்கு. பேந்து றோசாவுக்குச் சொன்னனான்."

"எனக்குச் சொன்னது கன காலத்துக்குப் பிறகு," என்று குசினியிலிருந்து றோசாவின் குரல் வந்தது.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது," என்றாள் மாக்கிரட்.

யோசெப் தரையைப் பார்த்தார். "அவன் ரெலிபோனில அழுதவன், பிள்ளை. 'அண்ணை, அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சொன்னால் வரமாட்டாள்' எண்டு."

"வந்திருப்பன்."

"என்ன?"

"சொல்லியிருந்தாலும் வந்திருப்பன். நல்லா ஏசிப்போட்டு வந்திருப்பன். என்னை ஏச விடேல்லை அவர். இப்ப ஆரை ஏசுறது, படத்தையோ?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கனநேரம் அழுதாள். யோசெப் என்ன செய்வதென்று தெரியாமல் மேசையிலிருந்த ரிஸ்யூ கடதாசிப் பெட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி, பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். றோசா கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள். அவள் கையில் நண்டு மணந்தது.

சாப்பிடும்போது யோசெப் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்த மாசியில ஆண்டுத் திருப்பலி குடுக்கிறனியோ?"

"ஏன் குடுக்காமல்? முந்தினதைவிட இப்பதானே அவருக்குத் தேவை," என்று சொல்லிவிட்டு, மாக்கிரட் நண்டுக் காலொன்றை எடுத்தாள்.

திரும்பும் வழியில் பேனாட் வீட்டுக்குப் போனாள். அவர் கதவைத் திறந்து, உள்ளே வரச்சொல்வதா இல்லையா என்று தெரியாமல் நின்றார்.

"உங்களிட்டயிருந்து வரேல்லை," என்றாள் மாக்கிரட். "றெனோல்டிட்டயிருந்து. பழசு. மாறிட்டுது. நான் பிழையாக் கதைச்சிட்டன்."

"றெனோல்ட் அண்ணையோ?" பேனாட்டால் நம்பமுடியவில்லை. மண்டபத்துப் படத்துக்கு நேர் கீழே நின்றுதான் அவர் வாராவாரம் பாட்டுப் பழகுகிறார்.

"அவர்தான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்? சொன்னால் என்னுடையதையும் எல்லோ சொல்ல வேணும்." பிறகு, "குளிசை போட்டு முடிச்சிட்டீரோ?" என்று கேட்டார்.

"முந்தாநாள்தான் துவங்கினனான்."

"அப்ப மீன் மட்டும் கொண்டுவாறன்."

சில்வி அடுத்த கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். மகள் பிறந்த மருத்துவமனையின் பழைய கோப்பு கிடைத்துவிட்டது. அன்றைக்கு எடுத்த இரத்தமும் இதையேதான் சொல்லியிருக்கிறது. கொழும்பில் மருந்து போட்ட விவரமும் அதில் இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. இனி ஊசி தேவையில்லை.

"இதெல்லாம் அப்போதே உங்களுக்கு விளக்கப்பட்டதாகவும் எழுதியிருக்கிறது," என்றாள் சில்வி. "கணவர் மூலம்."

மாக்கிரட்டுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பெரிய வயிற்றோடு கட்டிலில் இருந்தாள். டொக்டர் அவளையும் றெனோல்டையும் மாறிமாறிப் பார்த்துக் கனநேரம் பேசினார். பேசி முடித்ததும் றெனோல்ட் அவள் பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லா இருக்காம்," என்றார். பிரெஞ்சு நீளமான மொழி என்று அவள் அப்போது நினைத்தாள். எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யுமில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது.

ஆவணி கடைசியில், மூன்று மாதம் முடிந்ததும் மாக்கிரட் மறுபடி இரத்தம் கொடுத்தாள். எச்.ஐ.வி. வினையற்றது, இந்த முறை நம்பலாம் என்றாள் சில்வி. கிளமிடியா போய்விட்டது. சிபிலிஸின் முதல் கேள்விக்கு இரத்தம் வழமைபோல ஓம் என்றது, இரண்டாவதுக்கு இல்லை என்றது. மாக்கிரட் இந்தத் தடவை எல்லாம் விளங்கித்தான் தலையாட்டினாள். விளங்காத இரண்டு இடத்தில் நிறுத்தித் திருப்பிச் சொல்லவும் சொன்னாள்.

அந்த வார இறுதியில் ஷெரோன் உடுப்புத் தோய்க்க வீட்டுக்கு வந்தாள். மாக்கிரட் அவளைக் கூப்பிட்டு மேசையில் இருத்தினாள். நாளைக்குத் தான் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஏதாவது ஒரு டொக்டர் இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால், பதில் சொல்ல வீட்டில் ஒரு ஆளாவது இருக்கவேண்டும் என்பது அவள் கணக்கு.

"எனக்கு சிபிலிஸ் பொசிட்டிவ் எண்டு ஆரும் சொன்னால் பயப்படாதை. பழசு. மருந்து போட்டு மாறினது. இரத்தத்தில காட்டிக்கொண்டுதான் இருக்கும்."

ஷெரோன் கைத்தொலைபேசியைக் குப்புற வைத்தாள். "அப்பாவிட்டயிருந்தோ?"

"ஓம். கலியாணம் கட்டின புதிசில. உனக்கு ஒண்டுமில்லை, அதையும் கேட்டுப் பாத்திட்டன்."

ஷெரோன் பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொன்னாள். கார்டெரியில் சொல்லக்கூடாத சொல் அது. கண் நிறைந்துவிட்டது. பிறகு, "பேனாட் அங்கிளுக்குத் தெரியுமோ? அவருக்கும் இருக்கோ?" என்று கேட்டாள்.

மகளுக்குப் பேனாட் விசயம் தெரிந்திருப்பது மாக்கிரட்டுக்குப் புதுச் செய்தி. அதை வெளியில் காட்டவில்லை.

"அவருக்கு வேற," என்றாள்.

ஷெரோனுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாக்கிரட் அவள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நீ சோதிச்சனியோ?"

"அம்மா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஷெரோன் கண்ணைத் துடைத்தாள். "ஓம். சித்திரையில. ஒண்டுமில்லை எண்டு வந்தது."

"ஆளைச் சந்திச்சு எத்தினை கிழமையால சோதிச்சனி?"

ஷெரோன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.